முடி வெட்ட இரண்டு வார விடுப்பு

1

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் ஒரு தட்டு நிறைய ஏலக்காய் ரொட்டி இருந்தது. மேலே ஒரு அட்டை. ‘மனம் தளர வேண்டாம், எந்த உதவி என்றாலும் கதவைத் தட்டுங்கள்’ என்று பின்னிஷ் மொழியில் எழுதி, எதிர்வீட்டு அம்மையார் கையெழுத்துப் போட்டிருந்தார். பின்லாந்தில், தம்பெரே நகரத்தில், இந்தக் கட்டடத்துக்கு நாங்கள் குடிவந்து பத்து வருடம் ஆகிறது. இத்தனை நாளில் அவரும் நானும் லிப்டில் ‘ஹெய்’ என்ற ஒரு சொல்லைத் தாண்டியதில்லை. இந்த நாடு எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணமே அதுதான். அப்படிப்பட்டவர் ரொட்டி சுட்டு வைக்கிறார் என்றால் நான் ஏதோ பெரிய சிக்கலில் இருக்கிறேன் என்று பொருள். என்ன சிக்கல் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

மனைவி மலர்விழி அட்டையைப் படித்தாள், என் தலையைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“என்னங்க, உங்களுக்குக் கேன்சர்னு நெனச்சுட்டாங்க.”

அப்போதுதான் மற்றதெல்லாம் விளங்கியது. அலுவலகத்தில் மேலாளர் என்னைத் தனியே அழைத்து, வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டது, மேசையில் யாரோ பூச்சாடி வைத்தது, எல்லாம். ஊரிலிருந்து திரும்பிய அன்று விமான நிலையத்தில் மட்டும்தான் என்னை நேரடியாகக் கேட்டார்கள். குடியிருப்பு அட்டையில் தோள்வரை முடியும் தாடியுமாக இருப்பவன், கவுண்ட்டருக்கு முன்னால் வழுவழுவென்று நிற்கிறான். அதிகாரி மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தார். “முடியைக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டேன்” என்றேன். அவர் சிரிக்காமல், “எல்லாவற்றையுமா?” என்று கேட்டார்.

பழனியில் மொட்டைத்தலையோடு நடந்தால் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. இங்கே ரொட்டி கிடைக்கிறது. நன்றாகத்தான் இருந்தது. நோய் இல்லை என்று போய்ச் சொல்ல வேண்டும். இரண்டு வரி பின்னிஷில் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன், இன்னும் கதவைத் தட்டவில்லை.

2

எனக்கு நாற்பத்தொரு வயது. ஆட்டிசம் உள்ளவன். இதை இங்கே வந்து, முப்பத்தொன்பதாவது வயதில்தான் பெயர் சொல்லித் தெரிந்துகொண்டேன். மதிப்பீடு செய்த மருத்துவர் வேலை, நட்பு, தூக்கம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். நானும் ஆம், இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். “முடி வெட்டிக்கொள்வதில் சிரமம் உண்டா?” என்று கேட்டார் பாருங்கள், மடை திறந்துவிட்டது. முக்கால் மணி நேரம் பேசியிருப்பேன். மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டு வந்தார்.

சலூனில் பிறருக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்கு நடப்பதைச் சொல்கிறேன். முதலில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டுவார்கள், அதன் விளிம்பு உரசும். பிறகு முகத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் பீச்சுவார்கள். காதோரம் கத்தரிக்கோல் வாயைத் திறந்து மூடும் சத்தம் எனக்குப் பல்லுக்குள் கேட்கும். வெட்டிய துணுக்கு ஒன்று சட்டைக்குள் இறங்கினால் மூன்று நாளைக்கு நான் அந்தத் துணுக்கோடுதான் வாழ்வேன். இத்தனைக்கும் நடுவில் எஃப்.எம். பாடும், கண்ணாடியில் என் முகமே என்னை முறைக்கும், ஒரு மனிதர் “சைடுல கம்மி பண்ணவா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பார். கடைசிவரை உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்காமலே மண்டையில் நாலு தட்டுத் தட்டிக் கழுத்தை நெட்டி முறிப்பார்கள். அது போனஸாம்.

ஆட்டிசம் என்ற அந்தப் பெயரை அம்மாவிடம் போனில் சொன்னேன். 

“அதுக்கு என்ன மாத்திரை?” 

“மாத்திரை இல்லம்மா. நோவும் இல்ல. என் மூளை அப்படித்தான்.” 

“ஏலே, அது எனக்குத் தெரியாதா? இதுக்குப் போயி எதுக்கு டாக்டரு?” என்றாள் அம்மா.

3

எங்களுக்குப் பழனியில் மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு கடை. மொட்டை போட்ட தலையில் பூசுகிற சந்தனம்தான் முக்கிய வியாபாரம். அப்பா போன பிறகு அம்மாவே நடத்துகிறாள். ஒரு நாளைக்கு நூறு மொட்டையைப் பார்க்கிற கடை. அந்தக் கடைக்குள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பையன் மட்டும் தோள்வரை முடி வைத்திருப்பான். எங்கள் கடைக்கு விளம்பரமே தப்பாக இருந்தது என்று அப்பா சொல்வார்.

பள்ளியில் தலைமையாசிரியர் முதல் வாரமே பிடித்துவிட்டார். நாளைக்கு வெட்டிக்கொண்டு வராவிட்டால் வகுப்பில் உட்கார முடியாது என்றார். மறுநாள் அம்மா வந்தாள்.

“வேண்டுதல்ங்க சார்.”

அவ்வளவுதான். பழனியில் இந்தச் சொல்லுக்கு மேல் விசாரணை கிடையாது. வேண்டிக்கொண்டு வளர்க்கிற முடியில் கத்தி படக்கூடாது, அது முருகனுக்குப் போகவேண்டியது. தலைமையாசிரியர் என் தலையைப் பார்த்துக் கும்பிடாத குறை. வளர்ந்த பிறகு தாடியும் சேர்ந்துகொண்டது. பாதயாத்திரை வருபவர்கள் என்னையும் ஒரு பக்தன் என்று நினைத்துக் கடையில் இடம் விட்டு உட்காருவார்கள்.

வேண்டுதல் என்றால் எதற்கு என்று கேட்பார்கள் அல்லவா? பையன் பத்தாவது பாஸாக வேண்டும் என்றாள் அம்மா. பாஸானேன். காலேஜில் இடம் கிடைக்கணும் என்றாள். கிடைத்தது. வேலை, கல்யாணம், குழந்தை, வெளிநாட்டு விசா. முருகன் ஒன்றுகூடப் பாக்கி வைக்கவில்லை. ஒவ்வொன்றும் நிறைவேற நிறைவேற அம்மா அடுத்ததை மாட்டிவிட்டு, முடியை மட்டும் ஒப்படைக்காமல் இழுத்துக்கொண்டே போனாள். “சாமிக்கே டிமிக்கி குடுக்கிற குடும்பம்டா இது” என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். எனக்காக அம்மா சாமி பேரில் பொய் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

4

வீடு விட்டு முதலில் நான் போனது கொடைக்கானலுக்கு, ஒரு தங்கும் விடுதியில் கணினி வேலை. வருடம் முழுக்கக் குரங்குக் குல்லா போட்டுக்கொள்ளலாம், தலைக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் கவலையில்லை. சொர்க்கம். பெண் பார்க்கப் போகும் முன் மட்டும், ஏரிப் பக்கம் ஒரு சலூனுக்குத் தைரியமாகப் போனேன். 

“சார், லைட்டா ட்ரிம் பண்ணி ஷேப் பண்ணிரலாம், ஃபைவ் மினிட்ஸ், ரிலாக்ஸ்” என்றார் கடைக்காரர். இரண்டாவது நிமிடம் கழுத்துத் துணியோடு ரோட்டில் நின்றேன். துணியைத் திருப்பிக் கொடுக்கக்கூட உள்ளே போக முடியவில்லை, வாசல் கைப்பிடியில் மடித்து மாட்டிவிட்டு வந்தேன்.

அந்தத் தலையோடுதான் ஆடலூருக்குப் பெண் பார்க்கப் போனேன். மலர்விழியின் அப்பா காப்பித்தோட்டத்துக்காரர், ‘வேண்டுதல்’ என்றதும் மேற்கொண்டு கேட்கவில்லை. இவள் மட்டும் கல்யாணமாகி ஒரு மாதத்தில், “உங்களுக்கு வேண்டுதல் ஒண்ணும் இல்ல, கத்திரிக்கோல் பயம்” என்றாள். பயம் இல்லை என்று விளக்க எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆனது.

இங்கே எங்கள் ஏற்பாடு இதுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு, சாவுனா என்ற நீராவிக் குளியல் முடித்து வந்ததும், முடி ஈரமாக இருக்கும்போது, குளியலறையில் சட்டையில்லாமல் உட்காருவேன். மலர்விழி நுனியில் வெட்டுவாள். ஒரு தடவைக்கு ஆறு வெட்டு. ஆறு முடிந்ததும் எழுந்து குளித்துவிடுவேன். இப்படி வெட்டினால் முடி எந்தக் காலத்திலும் ஒரே நீளத்துக்கு வராது. மகள் இனியாவுக்குப் பதினொரு வயது, நான் தமிழில் கேட்டால் பின்னிஷில் பதில் சொல்கிற வயது. அப்பா தலையைக் குருவி கூடு கட்டிவிட்டுக் காலி செய்துபோன மாதிரி இருக்கிறது என்று வகுப்புக் கட்டுரையில் எழுதிவிட்டாள். ஆசிரியை அதற்குப் பாராட்டு வேறு கொடுத்தார்.

5

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில், எங்கள் கடைக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கும் ராஜாத்தியக்கா போன் செய்தார். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை என்பதும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். தெரியாதது, அம்மா இரண்டு முறை போகாமல் நின்றுவிட்டாள் என்பது.

“தம்பி, அக்காவுக்கு எதுக்க வர்ற ஆளு யாருன்னே தெரியல. போன வாரம் தேங்காக்கடைப் படியில விழுந்துருச்சு. நல்லவேள, எலும்பு முறியல. ஆப்பரேசன்னா மட்டும் இப்ப வேணாங்குது. கேட்டா, வேண்டுதல் பாக்கி கெடக்குங்குது. நீங்க வந்து முடி எறக்குற வரைக்கும் கண்ணுல கைய வைக்க விடாதாம். கொஞ்சம் வெரசா வந்துட்டுப் போங்க தம்பி.”

நான் அம்மாவை அழைத்தேன். “அவளுக்கு வேற சோலியில்ல” என்று பேச்சை மாற்றினாள். என்னை வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுபடி எங்காவது விழுவாள், இந்த முறை இடுப்பு போகும், அவ்வளவும் என் தலைமுடியால் என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கே விடுப்புப் படிவத்தைத் திறந்தேன்.

அதில் காரணம் என்ற கட்டம் ஒன்று உண்டு. பொய் எழுத எனக்கு வராது. ‘முடி வெட்டிக்கொள்ள’ என்று எழுதினேன். மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் அழைத்து, எவ்வளவு நேரம் தேவைப்படும் என்று மரியாதையாகக் கேட்டார். இரண்டு வாரம் என்றேன். “எங்கே வெட்டுகிறீர்கள்?” என்றார். இந்தியாவில் என்றேன். “நல்ல கடையாக இருக்கவேண்டும்” என்று சொல்லி ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

கிளம்புவதற்கு முன் மொட்டை போடுகிற காணொளிகளைச் சத்தம் குறைத்துப் பார்த்தேன், பிறகு சத்தத்தோடு பார்த்தேன். ஈரத்துண்டைத் தலையில் போட்டு, மலர்விழி கரண்டியின் பின்பக்கத்தால் வழித்துப் பழக்கினாள். என்னோடு வருகிறேன் என்றவளை வேண்டாம் என்றேன். இனியாவுக்குப் பள்ளி இருந்தது.

6

பழனியில் கார்த்திகை, தைப்பூசம் இல்லாத நாளாகப் பார்த்து, ‘இப்ப எதுக்குடா’ என்ற அம்மாவையும் கூட்டிக்கொண்டு வெள்ளனே போனேன். அப்படியும் முடி இறக்கும் மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். தரையெல்லாம் ஈரம், ஒரு குழந்தையின் அழுகை, ஒலிபெருக்கியில் பாட்டு. காதில் அடைப்பான் போட்டிருந்தேன். அம்மா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தாள், எனக்காக இல்லை, அவளுக்குக் கண் மங்கி வழி தெரியாததால்.

மழிக்கிறவர் என் வயதுக்காரர். நான் எழுதிக் கொண்டுபோன தாளை நீட்டினேன். தொடும் முன் சொல்லவேண்டும், கை தூக்கினால் நிறுத்தவேண்டும், இப்படி. பொறுமையாகப் படித்தார்.

“ஏழு பாயிண்டு எழுதிருக்கீங்க. நமக்கு மூணே சோலிதான். நனைக்கணும், குனியணும், வழிக்கணும். நீங்க கையத் தூக்குனா நிப்பாட்டிர்றேன். உக்காருங்க.”

ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். முதல் பாதி நான் வாழ்க்கையில் வெட்டிக்கொண்ட முடியிலேயே சுலபமானது. கழுத்தில் துணி இல்லை, எதிரே கண்ணாடி இல்லை. எப்படி வேண்டும் என்ற கேள்வி இல்லை, மொட்டையில் ஏது சைடு? கத்தரிக்கோல் போலத் தொட்டும் தொடாமலும் சீண்டாமல் கத்தி அழுத்தமாக ஒரே திசையில் போனது. நாற்பது வருடம் இதற்கா பயந்தோம் என்று உள்ளுக்குள் கொண்டாட ஆரம்பித்துவிட்டேன்.

கொண்டாட்டம் இடது காது வரைக்கும்தான். காதுக்கு மேலே கத்தி ஏறியதும் சரசரவென்ற சத்தம் அடைப்பானைத் தாண்டி எலும்பு வழியாக வந்தது. கை தூக்கினேன், நிறுத்தினார். மறுபடி தொடங்கினார், மறுபடி தூக்கினேன். மூன்றாவது முறை காதை மடக்க ஒரு விரலால் என் தலையைச் சாய்த்துப் பிடித்தார். அவர் மேல் தப்பே இல்லை. அடுத்து எனக்குத் தெரிந்ததெல்லாம், வெளியே தண்ணீர்க் குழாயடியில், பாதித் தலை மொட்டையும் பாதித் தலை தோள்வரை முடியுமாகக் குந்தியிருக்கிறேன்.

7

அம்மா சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள், ஒரு கை தூரம் விட்டு.

“போதும்டா. வா, வீட்டுக்குப் போவோம்.”

“பாதிதாம்மா ஆயிருக்கு.”

“பாதி போதும். முருகன் என்ன எண்ணியா பாக்கப்போறாரு?”

“அப்ப உன் ஆப்பரேசன்?”

“அது கெடக்கட்டும்.”

“வேண்டுதல முடிக்காம கண்ணக் காட்ட மாட்டேன்னு ராஜாத்தியக்காகிட்டச் சொன்னியாமே?”

“அவகிட்ட வேற என்னத்தச் சொல்லச் சொல்ற?” என்றாள். பிறகு சேலை முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். நான் யோசிக்கும்போது செய்கிற அதே வேலை. “உனக்கு மூணு வயசுல இதே மண்டபத்துலதான் முத மொட்ட. காலப் பிடிக்க ஒருத்தர், கையப் பிடிக்க ரெண்டு பேரு. தலையப் பிடிச்சது நானு. நீ கத்துன கத்துல குரல் போயிருச்சு. மூணு நாளு காய்ச்சல். அதுக்கப்புறம் ஆறு மாசம் என்னைய உன் தலையத் தொடவிடல. அப்பப் பெரகாரத்துல நின்னு சொன்னேன். முருகா, இனி இவன் தலைய நானும் பிடிக்க மாட்டேன், எவனையும் பிடிக்க விடமாட்டேன்னு. அதான்டா வேண்டுதல். வேண்டுதல்னு சொன்னது பொய் இல்ல. என்ன வேண்டுதல்னுதான் மாத்திச் சொன்னேன்.”

நினைவில்லாத வயதில் நடந்ததை அவள் முப்பத்தெட்டு வருடமாகத் தனியே வைத்திருந்தாள். அவள் மேல் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது, அழுதேன்.

“அப்ப ஆப்பரேசனுக்கு ஏம்மா போகல?” என்று கேட்டேன். என் முடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றால் வேறு காரணம் இருக்கவேண்டும்.

அம்மா முந்தானையை மறுபடி கையில் சுற்றினாள்.

“மூஞ்சிய மூடுவாங்களாம். கண்ணு மட்டும் தெரியிற மாதிரி ஓட்டை போட்ட துணியாம். தல ஆடக்கூடாதுன்னு நர்சு பிடிச்சுக்குமாம். பரிசோதனைக்கே ஒருத்தி என் மோவாயப் பிடிச்சா பாரு, எனக்கு மேலெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி ஆயிருச்சு. எந்திரிச்சு வந்துட்டேன். சின்னதுலருந்தே எனக்கு அப்படித்தான். உங்கப்பா தலையில பூ வச்சுவிட்டாக்கூட ஆகாது. இத வெளிய சொன்னாச் சிரிப்பாங்கல்ல?”

பின்லாந்தில் மருத்துவர் மதிப்பீட்டின்போது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டிருந்தார். யோசிக்காமல் இல்லை என்று சொல்லியிருந்தேன். என் விஷயத்தில் இவ்வளவு சாமர்த்தியமாக வேலி கட்டியவளுக்கு அந்தச் சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. எனக்காக ஊரிடம் சொன்ன சாக்கையே அவள் தனக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

“நான் யாரையும் சிரிக்கவிட மாட்டேன்” என்றேன். “ஆனா இந்தப் பாதித் தலையோட ஒன்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா, என்னையத்தான் அட்மிட் பண்ணுவாங்க. இரு, மிச்சத்தையும் எறக்கிட்டு வர்றேன்.”

“முடியலன்னா வந்துரு.”

“வந்துர்றேன்.”

உள்ளே போனேன். மழிக்கிறவர் எதுவுமே நடக்காத மாதிரி என் பலகையைக் காலியாக வைத்திருந்தார். காதை நானே மடக்கிப் பிடித்துக்கொண்டேன். மிச்சத் தலைக்கும் தாடிக்கும் சேர்த்து இரண்டு முறை நிறுத்தச் சொன்னேன். முடிந்தது. வெளியே வந்ததும் அம்மா முந்தானை முடிச்சிலிருந்து சின்னச் சந்தன டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஆயிரம் தலைக்குப் பூசிய கை, என் தலைப்பக்கம் வரவில்லை. நானே பூசிக்கொண்டேன், குளுகுளுவென்று இருந்தது.

8

கண் மருத்துவர் இளம்பெண். அம்மாவுக்கு முன்னாலேயே எல்லாம் சொன்னேன். ஆட்டிசம் என்ற சொல்லை அம்மாவுக்கு நான் மாட்டிவிடவில்லை. அது அவள் விரும்பினால் எடுத்துக்கொள்ளவேண்டியது. முகத்தையும் தலையையும் பிடித்தால் இவங்களால் தாங்கமுடியாது, அவ்வளவுதான் சொன்னேன். மருத்துவர் சிரிக்கவில்லை. துணியைக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். எது எதற்குப் பிறகு எது வரும் என்று அம்மாவிடம் சொன்னார். நடுவில் நிறுத்தமுடியாத பகுதி எது, எவ்வளவு நேரம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். “அந்த நேரம் மட்டும் நீங்க அசையாம இருந்தாப் போதும்ங்கம்மா. முடியுமா?” என்று கேட்டார். அம்மா யோசித்தாள். ஆஸ்பத்திரியில் அவளிடம் முடியுமா என்று யாரும் அதுவரை கேட்டதில்லை என்று பிறகு சொன்னாள்.

அறுவை சிகிச்சை அன்று உள்ளே என்னை விடவில்லை. சந்தனம் காய்ந்து உதிர்ந்த தலையோடு, இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, சுவரிலிருந்த டைல்ஸை மூன்று முறை எண்ணினேன். கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும், அம்மா எழுந்து ஓடிவருகிறாள் என்றே நினைத்தேன். ஓடி வந்தால் திட்டக்கூடாது, பக்கத்தில் ஒரு கை தூரம் விட்டு உட்காரவேண்டும் என்று முடிவு செய்து வைத்திருந்தேன்.

ஓடி வரவில்லை. வலது கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு, நர்ஸின் தோளைத் தான் பிடித்துக்கொண்டு, நடந்து வந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“எப்படிம்மா இருந்துச்சு?”

“யாரும் தலையப் பிடிக்கல” என்றாள் அம்மா. “நானேதான் ஆடாம வச்சிருந்தேன்.”